கால் வீக்கம்: இல்லை

போன மாதம் என் பிரஷரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். முப்பத்திரண்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருவது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அந்தப் பக்கம் உங்களில் ஒருத்தி, புதிதாக வந்த நர்ஸ், இருந்தாள். பெயர் சொல்லமாட்டேன், நல்ல பிள்ளை. கையில் டேப்லெட். என் அட்டை நம்பரைக் கேட்டாள், தட்டினாள், மறுபடி தட்டினாள்.

"அம்மா, உங்க பேரு இதுல வரல்லியே."

"பேரு வரல்லேன்னா எனக்கு பிரஷரும் வராதா மக்கா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். பத்து நிமிடம் கழித்துப் பெயர் வந்தது, பிரஷரும் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல்தான். வெளியே வந்து நடக்கும்போதுதான் தோன்றியது, அவள் என் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்று.

அவளைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அவளைவிட மோசமாக இருந்தவள் நான். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்கள் கூட்டத்தில் அனுபவத்தைப் பேசச் சொல்லி அழைத்திருந்தீர்கள். மேடையில் நின்றால் இது என் வாயிலிருந்து வராது. அதனால்தான் எழுதித் தருகிறேன். ஊசி எப்படிப் போடுவது, பதிவேடு எப்படி எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். சுனாமி வந்த அடுத்த மாதம் என்னை மண்டைக்காட்டுப் பக்கம் கடற்கரையில் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருநாள் தலையில் பெரிய வட்டத் தட்டைச் சுமந்துகொண்டு ஒரு வேன் வந்தது. உள்ளே ஒரு டி.வி. தூரத்து நகரத்தில் இருக்கிற பெரிய டாக்டர் அதில் தெரிவார், நோயாளி இங்கிருந்தே அவரிடம் பேசலாம். மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, படம் பிடித்தார்கள். முதல் ஆளாக மீன் விற்கும் ஓர் அம்மாவை உட்கார வைத்தோம். டாக்டர் டி.வி.யில் வந்து "என்ன செய்யுது?" என்று கேட்டார். அந்த அம்மா வலது கையைத் திரைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தார், டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பார் என்று.

எல்லோரும் சிரித்தார்கள். "அவரு அங்க இருக்காரும்மா, கையப் புடிக்க முடியாது" என்றேன்.

"கையப் புடிக்காம தீனத்த எப்பிடி மக்களே கண்டுபிடிப்பாரு?" என்று கேட்டார்.

அதற்கும் சிரித்தோம். அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன், அதை மறைக்கவில்லை. மூன்று நாள் வந்த வேன் நாலாம் நாள் வரவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

அந்த முகாமில் எங்களுக்குக் கைகொடுத்தது துண்டுச்சீட்டுதான். வீடு இழந்தவர்கள் சொந்தக்காரர்களைத் தேடி நாலா பக்கமும் போனார்கள். கர்ப்பிணிகளும் போனார்கள். போகிற ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்போம்: இத்தனையாவது மாதம், பிரஷர் இவ்வளவு, இன்னது கவனிக்க வேண்டும், இன்ன ஊர் நர்சிடம் காட்டு. முகாமுக்கு முன்பும் எங்கள் வழக்கம் இதுதான். நம் ஊரில் தலைப்பிரசவம் அம்மை வீட்டில்தான் நடக்கும். ஏழாம் மாதம் வந்து அழைத்துப் போய்விடுவார்கள். இத்தனை மாதம் நாம் பார்த்த பெண் ஒரே நாளில் வேறொரு நர்சின் ஊருக்குப் போய்விடுவாள். போகிறவள் கையில் சீட்டு, அந்த நர்சுக்கு ஒரு போன். "எனக்க பிள்ள ஒண்ணு உனக்க ஊருக்கு வருது, பாத்துக்க." இவ்வளவுதான். எந்த ஆணையிலும் இது கிடையாது, எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தந்ததும் கிடையாது. ஆனால் ஒருத்தியும் நழுவியதில்லை.

தோவாளைப் பக்கம் வேலை பார்த்த ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் இப்படித்தான் போன் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சிப் பள்ளியில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். நான் இருந்தது குழித்துறைக்கு அப்பால் ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊர். பஸ்ஸில் அவளுக்கும் எனக்கும் ஒன்றரை மணி நேரத் தூரம்.

2009, 2010 வாக்கில் கணினிப் பதிவு வந்தது. நாகர்கோவிலில் ஏ.சி. போட்ட ஒரு மண்டபத்தில் பயிற்சி. வந்த இளைஞர் நன்றாகப் பேசினார். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு நம்பர், அவள் எங்கே போனாலும் நம்பர் கூடவே போகும், இனி ஒரு தாய்கூடத் தவறமாட்டாள் என்றார். சுவரில் படம் ஓடியது. ஒரு பெண் உருவம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடக்கிறது, அவள் கூடவே ஒரு பச்சை விளக்கும் நகர்கிறது. அன்று அந்த மண்டபத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் நான். ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். "அந்தப் பிள்ளைக்க கூடப் போறது வெளக்கு மட்டுந்தானா, ஆளு ஒண்ணும் போகாதா?" என்றாள். உனக்குப் புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது என்று சொல்லி அவள் தொடையில் கிள்ளினேன்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். என் நிலையத்தில் இணைய இணைப்புக் கிடையாது. மாதக் கடைசியில் குழித்துறைச் சந்தைப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். மாவட்டத்திலேயே முதலில் எல்லாப் பெயரையும் ஏற்றி முடித்தவள் என்று எனக்குச் சான்றிதழும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னையே அனுப்பினார்கள். "இன்னுமா துண்டுச்சீட்டு எழுதிட்டிருக்கிய?" என்று ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஸ்டெல்லாவைக் கேட்டேன். "இனி போனும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துரும்." அவள் முகம் சிவந்துவிட்டது. அதன்பின் அவள் எனக்குப் போன் செய்வதை நிறுத்திக்கொண்டாள். நானும் நிறுத்தினேன்.

அந்தப் பதிவில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடமுடியாது, விட்டால் பக்கம் அடுத்ததுக்கு நகராது. பதிவு தாமதமானால் வரி சிவப்பாகும். சிவப்பு என்றால் பெண்ணுக்கு ஆபத்து என்று பொருள் அல்ல, நர்ஸ் இன்னும் நிரப்பவில்லை என்றுதான் பொருள். ஆய்வுக் கூட்டத்தில் கேட்பது சிவப்பைப் பற்றி மட்டும்தான். சுகமில்லாதவள் யார், அவளுக்கு என்ன செய்தாய் என்று கேட்ட காலம் போய்விட்டது. ஆகவே நாங்கள் சிவப்பைப் பச்சையாக்கக் கற்றுக்கொண்டோம். வீடு வீடாக நடந்த மதிய நேரமெல்லாம் பிரவுசிங் சென்டரில் போனது. தெரியாத கட்டத்தை ஊகித்து நிரப்பினோம். "நார்மலாத்தானே இருக்கும்" என்று நிரப்பினோம். எல்லோரும் செய்தோம், எல்லோருக்கும் தெரியும்.

இனி சுகந்தியைப் பற்றி.

தோவாளையில் பூ கட்டும் குடும்பத்துப் பெண். என் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். புருஷன் கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்ப சவூதிக்குப் போயிருந்தான். நல்ல கலகலப்பான பிள்ளை. ஆறாம் மாதக் கடைசியில் அவளுக்குப் பிரஷர் லேசாகக் கூடியது. பயப்படும்படி இல்லை, ஆனால் வாராவாரம் பார்க்க வேண்டிய அளவு. உப்பைக் குறை, வாரம் ஒருமுறை வா என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் அவள் வந்தபோது நான் நிலையத்தில் இல்லை. கணினிப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அவளுடைய அம்மை இசக்கியம்மாள் அழைத்துப் போக வந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்திருக்கிறாள், பூட்டிக் கிடந்தது. யாரோ சொல்ல, பஸ் ஏறிப் பிரவுசிங் சென்டருக்கே தேடி வந்துவிட்டார்கள். மாதத்தின் கடைசி நாள். இரண்டு மணி நேரமாக இணைப்பு இல்லாமல் அப்போதுதான் வந்திருந்தது. எனக்கு இன்னும் பதினேழு வரி சிவப்பாகக் கிடந்தது.

"நர்சம்மா, பிள்ளய இன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் இசக்கியம்மாள். கையில் இலையில் பொதிந்த பிச்சிப்பூ.

"நல்லது, கூட்டிட்டுப் போங்க" என்றேன் திரும்பாமலே.

"காலு வீங்கிருக்கு பாத்தியளா? செருப்பு கேறமாட்டேங்கு."

"ஏழாம் மாசம் எல்லாருக்கும் கொஞ்சம் வீங்கும். இருங்க, இதோ ஏத்திர்றேன்."

சுகந்தி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "சிஸ்டர், அது எம்பேரா?"

"ஓம். உனக்க பேருதான்."

"அய்யோ, கம்ப்யூட்டர்ல எம்பேரு! சவூதில அவ்வோ பாத்தா சிரிப்பாவ." அவள் சந்தோஷத்தைப் பார்த்து நான் திரையை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டினேன். விரலால் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள்.

வெளியூர் போகிறவளுக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. அது மூன்று கட்டங்களைக் கேட்டது. எடை, இன்றைய பிரஷர், கால் வீக்கம் உண்டா இல்லையா. பிரஷர் கருவி என் பையில்தான் இருந்தது. பை என் காலடியில் இருந்தது. கருவியை எடுத்து, அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஐந்து நிமிடத்தில் இணைப்புப் போய்விடலாம். போனால் இதுவரை நிரப்பியதெல்லாம் போகும். கால் வீக்கத்துக்கு "உண்டு" என்று போட்டால் இன்னும் இரண்டு பக்கம் திறக்கும், அதில் எட்டுக் கட்டம் இருக்கும்.

120/80 என்று போட்டேன். கால் வீக்கம்: இல்லை என்று போட்டேன். அழுத்தினேன். வரி பச்சையானது.

"ஆச்சு. அங்க ஸ்டெல்லா நர்சுக்கு எல்லாம் கம்ப்யூட்டர்ல போயிருக்கும். அவங்களே வீட்டுக்கு வந்து பாப்பாங்க" என்றேன்.

"சீட்டு வல்லதும் தருவியளா? மூத்தவளையும் உங்க ஊர்லதானே கெட்டிக்குடுத்தேன், அவளுக்கு முன்ன தந்தியளே."

"அதெல்லாம் இப்பம் கெடையாது இசக்கியம்மா."

பூவை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பச்சைக்குப் பின்னால் நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இங்கிருந்து அனுப்பினால் மட்டும் பெயர் அங்கே தோன்றாது. அங்கே ஒருவர் ஒரு தனிப் பக்கத்தைத் திறந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு பக்கம் இருப்பதையே யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. மற்றவர்களுக்குப் பாடம் எடுத்த எனக்கும் தெரியாது. என் பட்டியலில் சுகந்தி போய்விட்டவள். ஸ்டெல்லாவின் பட்டியலில் அவள் வரவே இல்லை. ஐந்து வாரம் அவள் எந்த நர்சுக்கும் இல்லாதவளாக இருந்தாள்.

இசக்கியம்மாள் ஏன் தானாக ஸ்டெல்லாவைத் தேடிப் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பின்னால் நடந்த விசாரணையில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். நர்ஸ் வீட்டுக்கு வருவார் என்று நான் சொன்னதை அவள் நம்பினாள். வராத நர்சைத் தேடிப் போனால் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்கினாள். அதோடு ஓணம் நெருங்கிவிட்டது. மலையாள நாட்டுக்குப் பூ போகிற காலம். வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் பிச்சியும் கேந்தியும் குவிந்து கிடக்கும். அந்த வாரம் சுகந்தி தலைவலி என்று சொல்லியிருக்கிறாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றும் சொல்லியிருக்கிறாள். பூ வாசம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் ஓணத்துக்கு முந்தி அப்படி வருவதுதானாம். பூ இல்லாத பின்னறையில் பாயை விரித்து, சன்னலைத் திறந்துவைத்து, மகளைப் படுக்கச் சொல்லிவிட்டுத் தாய் பூ கட்டப் போனாள். பெரிய அக்கறையோடு செய்த தப்பு அது. ஒரு நர்ஸ் அந்த வாசலில் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் அந்தத் தலைவலி பூ வாசத்தால் அல்ல, பிரஷர் ஏறியதால் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

சுகந்தி பின்னறையில் படுத்த அன்று எனக்கு நாகர்கோவிலில் ஆய்வுக் கூட்டம். காலை பதினொரு மணி இருக்கும். என் பட்டியலைச் சுவரில் போட்டு, ஒரு சிவப்புக்கூட இல்லாமல் வைத்திருப்பது எப்படி என்று என்னை முன்னால் நிறுத்திப் பேசச் சொல்லியிருந்தார்கள். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. விட்டேன். மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து, ஸ்டெல்லா என்று கண்டு, அணைத்தேன். எதற்கோ சண்டை போடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது முறை வெளியே போய் எடுத்தேன்.

"ஏட்டி, சுகந்தின்னு உனக்க ஊர்ல இருந்து வந்த பிள்ளயா?" ஸ்டெல்லாவின் மூச்சு இரைத்தது. "தடுப்பூசி போட இந்தத் தெருவுக்கு வந்தேன், கூப்பிட்டு உள்ள கொண்டு போனாவ. வலிப்பு வந்து கெடக்கு. ஆம்புலன்ஸ் வருது. பிரஷர் முன்ன எவ்வளவு இருந்துது? காலு எப்பம் மொதக்கொண்டு வீங்குச்சு?"

நான் முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்குக் கம்ப்யூட்டர்ல அனுப்பினேனே, வரல்லியா?" என்றேன்.

"கம்ப்யூட்டர் கெடக்கட்டும்டி! நீ கண்ணால பாத்தத சொல்லு."

"நான் பாக்கல" என்றேன்.

போன் துண்டிக்கப்பட்டது.

ஸ்டெல்லா செய்யவேண்டியதை எல்லாம் செய்தாள். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, மூச்சுத் தடைப்படாமல் பார்த்து, வண்டியில் கூடவே போய், பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரின் கையில் ஒப்படைக்கும்வரை அந்தப் பிள்ளையின் கையை விடவில்லை. குழந்தையை அன்றே இழந்தோம். மூன்றாம் நாள் சுகந்தியும் போய்விட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நீ போனை முதல் தடவையே எடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அதற்கு ஐந்து வாரம் முன்னால் பையைத் திறந்திருந்தால் மாறியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு டாக்டர் தேவையில்லை.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. ஓர் அதிகாரி, ஒரு டாக்டர், கணினிப் பதிவு பார்க்கும் ஊழியர், ஸ்டெல்லா, நான், இசக்கியம்மாள். அதிகாரி கெட்டவர் அல்ல. அவர் குரலில் வருத்தம் இருந்தது. முன்னாலிருந்த திரையைப் பார்த்து வாசித்தார்.

"வெளியூர் போன நாளில் பிரஷர் 120/80. கால் வீக்கம் இல்லை. எல்லாம் ஒழுங்காகப் பதிவாயிருக்கு."

இசக்கியம்மாள் நிமிர்ந்தாள். "இல்ல சார். காலு வீங்கித்தான் இருந்துது. செருப்பு கேறல்ல. நான் நர்சம்மாகிட்ட சொன்னேம்லா."

ஊழியர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாருங்கம்மா. இல்லைன்னுதான் இருக்கு."

அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவள். எழுந்து கிட்டே போய் நின்று, விரலை வைத்து, "இ... ல்... லை" என்று வாசித்தாள். சுகந்தி தன் பெயரைத் தொட்டது போலவே தொட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. உதவி கேட்கிற பார்வைதான் அது. நான் வாயைத் திறந்தால் போதும், ஒரே ஒரு வரி. அந்த வரி என் சான்றிதழையும் என் வேலையையும் கொண்டுபோய்விடும் என்று பயந்தேன். மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இசக்கியம்மாளே பேசினாள்.

"அப்பம் எனக்குத்தான் சரியாக் கண்ணு தெரியல்ல போலிருக்கு சார். பூ கட்டிக் கட்டிக் கண்ணு மங்கிட்டு."

அவ்வளவுதான் விசாரணை. உங்கள் மேல் தவறில்லை, பதிவு சுத்தமாக இருக்கிறது என்று அதிகாரி என்னிடம் சொன்னார். வந்த பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஸ்டெல்லாவுக்குக் குற்றக் குறிப்பாணை கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்காக அந்தத் தெருவில் ஓடிய ஒரே நர்சுக்கு. என் போனில் "நான் பாக்கல" என்று நான் சொன்னதைக் கேட்டவள் அவள். நினைத்திருந்தால் அங்கேயே சொல்லி என்னை மாட்டிவிட்டிருக்கலாம். நானே சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. வாசல்படியில் இறங்கும்போது என் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள்.

"அவளுக்கு நல்லா கண்ணு தெரியும்டி. அது உனக்குத் தெரியும்லா?" என்று கேட்டுவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அதற்குப்பின் அவள் என்னோடு பேசியதில்லை. அவள் பேசாதது சரிதான்.

அடுத்த மாதம் முதல் நான் மறுபடி துண்டுச்சீட்டு எழுதினேன், போனும் செய்தேன். ஓய்வு பெறும் நாள்வரை செய்தேன். அதனால் நான் நல்லவளாகிவிடவில்லை. இயந்திரம் கூடாது என்று சொல்லவும் நான் வரவில்லை. உங்கள் டேப்லெட் எங்கள் பிரவுசிங் சென்டரைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். "ஒரு தாய்கூடத் தவறமாட்டாள்" என்று எவராவது உங்களிடம் சொன்னால் கைதட்டாதீர்கள். அந்த வார்த்தையை நம்பிய அன்றுதான் நாங்கள் பார்ப்பதை விட்டோம். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். சிவப்பாகட்டும். மேலே உள்ளவர்கள் திட்டினால் திட்டட்டும். நீங்கள் பொய்யாக நிரப்புகிற ஒரு சொல் உங்களோடு நிற்பதில்லை. அது எங்கே போய் யாரிடம் உட்காரும் என்பதை நான் போன மாதம்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் தோவாளைக்குப் போனேன். இத்தனை வருடம் கழித்து, ஓய்வூதியத்துக்கு எந்தப் பங்கமும் வராத வயதில் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இசக்கியம்மாள் வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்து எழுந்து வந்தாள். குடிக்க வெள்ளம் கொண்டுவந்து தந்தாள். நான் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் திரும்பிவிடுவேன் என்று தெரியும்.

"இசக்கியம்மா, அன்னைக்கு சுகந்திக்குக் காலு வீங்கித்தான் இருந்துது. நீங்க சொன்னதுதான் சரி. நான் பாக்காம இல்லைன்னு போட்டேன்."

திட்டுவாள், அழுவாள், எழுந்து போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகச் சிரித்தாள்.

"எனக்க மனசு ஆறட்டும்னு சொல்லுதிய நர்சம்மா. நீங்க நல்ல மனசுக்காரி. நாந்தான் கம்ப்யூட்டர்ல என் கண்ணால வாசிச்சேனே."

"அது நான் எழுதின பொய்யி."

"போட்டும். வீங்கியிருந்துன்னா நான் உங்கள விட்டிருப்பேனா? கையப் புடிச்சு இழுத்துக் காட்டியிருப்பேம்லா. நான் காட்டல்ல. அப்பம் வீங்கியிருக்காது." அதை அவள் பல வருடமாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "அதுக்குப் பொறவு எனக்க கண்ண நான் நம்புறதில்ல. சந்தைல மொட்டு எடுக்கவும் மருமவளத்தான் பாக்கச் சொல்லுவேன்."

மேலும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறையும் எனக்கு ஆறுதல் சொன்னாள். கிளம்பும்போது செருப்பை மாட்ட நான் கொஞ்சம் சிரமப்பட்டேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நர்சம்மா, உங்களுக்குக் காலு வீங்கியிருக்கே" என்றாள். உடனே, "எனக்கு அப்பிடித் தோணுது. சரியாத் தெரியல்ல" என்று சேர்த்துக்கொண்டாள்.

குனிந்து பார்த்தேன். வீங்கித்தான் இருந்தது.

மறுநாள் காலையில்தான் நான் பிரஷர் பார்க்க நிலையத்துக்கு வந்தேன். டேப்லெட்டில் கால் வீக்கம் கேட்கிற அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளை என் காலைப் பார்க்காமலே "இல்லை" என்பதைத் தொட்டாள். நானும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.